அம்மாவை இழந்த ஏழு வயதுப் பையன் கல்லோடு பேசுகிறான், தடுக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: "கம்பத்தில் இருந்த என் அக்கா, ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு வழியாகப் போன ஜீப் கவிழ்ந்து இறந்து நாலு மாதம் ஆகிறது. ஏழு வயது மகனும் இரண்டு வயது மகளும் இப்போது குமுளியில் என் வீட்டில் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் வேலைக்குப் போய் வருகிறார், யாரோடும் பேச்சில்லை. சாவு அன்று பையனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அவன் தினமும் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து அம்மா, நான், பாப்பா என்று பேசிக்கொண்டிருக்கிறான். தனித் தட்டில் அம்மாவுக்குச் சோறு வைக்கிறான். தீப்பெட்டியை ஜீப்பாக்கிக் கவிழ்க்கிற விளையாட்டும் உண்டு. பள்ளிக்கூடத்தில், எங்க அம்மா என்னைக் கூட்டிட்டுப் போக வரும் என்கிறானாம், பொய் பேசுகிறான் என்கிறார் டீச்சர். என் மாமியார் காத்து கருப்பு என்று பேயோட்டக் கோடாங்கி வைக்கச் சொல்கிறார். இந்தக் கற்பனையை வளர விடலாமா?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டைத் தடுக்காதீர்கள். மாற்ற வேண்டியது நீங்கள் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கும் கதையைத்தான்.

பீருமேடு தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகளில் நெடுநாள் ஆசிரியராக இருந்து, பிறகு பிள்ளைகளுக்கான ஆலோசகராக வேலை பார்த்தவன் நான். தோட்டத்துப் பிள்ளைகளிடம் சாவு வரும் வழிகள் எனக்குப் பழக்கம்: மண் சரிவு, ஜீப், யானை, குடி, தற்கொலை. அந்த அனுபவத்தோடு, இதுபற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டீச்சர் சொல்லும் "பொய்"யிலிருந்து ஆரம்பிப்போம். அம்மா வரும் என்று பையன் சொல்வது அவன் புனைந்தது இல்லை. வெளியூர் போயிருக்கு என்று நீங்கள் சொன்னீர்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வருவார்கள். அவன் கணக்கு சரி, நீங்கள் கொடுத்த எண்தான் தப்பு. ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு 1948-ல் எழுதினார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு என்பது பயணம் அல்லது தூக்கம். ஒன்பது பத்து வயதில்தான் அது எல்லாருக்கும் வரும், வந்தால் திரும்பாது என்பது முழுதாகப் பிடிபடுகிறது. பிறகு வந்த ஆய்வுகளில் பல பிள்ளைகளுக்கு இது இன்னும் முன்பே புரிந்துவிடுவது தெரிந்தது. ஏழு வயது நடுவில் நிற்கிற வயது. பாதி தெரியும். மீதியை நாம் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் மோசமான விதத்தில்.

இங்கே இரண்டு கற்பனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை தனக்காகச் செய்துகொள்வது ஒன்று. பெரியவர்கள் தங்கள் சங்கடத்துக்காகச் செய்து பிள்ளை தலையில் வைப்பது இன்னொன்று. கல்லை அம்மாவாக்கியவனுக்கு அது கல் என்று தெரியும். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், "சும்மா விளையாட்டுக்கு" என்பான், உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிப்பான். ஆனால் "அம்மா வெளியூர் போயிருக்கு" என்பதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை, நீங்கள் நிஜமாகச் சொன்னீர்கள். முதலாவது அவனுக்கு ஆறுதல். இரண்டாவது அவனை வாசலில் காத்திருக்க வைக்கிறது.

"சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்பதும் "தூங்குது" என்பதும் இதே வகைதான். தூங்குகிறாள் என்று கேட்ட பிள்ளை ராத்திரி கண்ணை மூடப் பயப்படும். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றால் அடுத்து யாரைக் கூப்பிடும் என்று யோசிக்கும். "மேல இருந்து உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கா" என்று சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு, அதிலும் பிள்ளை சேட்டை செய்யும்போதுதான் அதிகம். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளை ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இறந்தவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்கள். பலருக்கு அது பயமாகவும் இருந்தது, ஒளிந்து செய்கிற தப்பெல்லாம் தெரிந்துவிடுமே என்று. ஆகவே அவனாக "அம்மா நட்சத்திரமா இருக்கு" என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். அம்மாவை மட்டும் போலீஸாக்கி விடாதீர்கள்.

எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரிந்த பேச்சிலேயே, சுருக்கமாக. "உன்கிட்ட ஒரு விஷயம் தப்பா சொல்லிட்டோம். அம்மா வெளியூர் போகல. அன்னிக்கு ஜீப்பு கவுந்ததுல அம்மாவுக்கு ரொம்ப அடிபட்டு செத்துப்போச்சு. செத்துட்டா உடம்பு மறுபடி வேலை செய்யாது. அம்மாவால இனி வர முடியாது. வர முடிஞ்சா உன்னைப் பாக்க வந்திருக்கும்." அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். நாலு மாதமாக அம்மா ஏன் வரவில்லை, என்னைப் பிடிக்கவில்லையா என்று அவன் மனதுக்குள் ஓடியிருக்கும். அவனுடைய அப்பா சொன்னால் நல்லது. அவரால் முடியாது என்றால் நீங்கள் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அழுதால் அழட்டும். அப்பா அழுதாலும் கெட்டுப்போகாது. சொன்ன அரைமணியில் பையன் விளையாட ஓடிவிடலாம். புரியவில்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் துக்கத்தில் கொஞ்சம் நேரம் நிற்பார்கள், வெளியே ஓடுவார்கள், மறுபடி வருவார்கள். அதே கேள்வியைப் பத்து தடவை கேட்பான். பத்து தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். புதைத்த இடமோ எரித்த இடமோ, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கையில் பூ கொடுத்து. சாவு அன்று ஒதுக்கி வைத்ததற்கு அது ஓரளவு ஈடாகும்.

சரி, இப்போது அந்தத் தட்டுச் சோறு.

அமாவாசைக்கு நாம் என்ன செய்கிறோம்? இலை போட்டுச் சோறு வைத்துக் காக்காவைக் கூப்பிடுகிறோம். செத்துப் பல வருஷமான அப்பாவுக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைக்கிறோம். காக்கா வராவிட்டால் "என்ன கோபமோ" என்று முணுமுணுக்கிறோம். யாரும் நமக்குக் கோடாங்கி வைப்பதில்லை. ஏழு வயதுக்காரன் அதையே தட்டில் செய்தால் மட்டும் பயந்துவிடுகிறோம். இறந்தவரை மறந்து "மீண்டு வருவது"தான் துக்கத்தின் முடிவு என்று மேற்கத்திய உளவியல் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1990-களில்தான், மேலே சொன்ன சில்வர்மன் போன்றவர்களின் வேலைக்குப் பிறகு, இறந்தவரோடு ஏதோ ஓர் உறவை மனதில் வைத்துக்கொண்டே வாழ்வதும் இயல்பு என்று எழுத ஆரம்பித்தார்கள். திதி கொடுக்கிற ஊருக்கு இது புதுச் செய்தி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆளோடு பேசுவதற்கு வருகிறேன். இழப்பே இல்லாத பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். மார்ஜரி டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது, பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதையும் சேர்த்து. மூன்று பேரில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுடைய மூன்று கல்லில் நான் பார்ப்பது வேறு ஒன்று: அவன் குடும்பத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கிறான். நிஜத்தில் எதுவும் அவன் கையில் இல்லை. வீடு மாறியது, ஊர் மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, அப்பா ஊமையானார். கொல்லைப்புறத்தில் மட்டும் யார் எங்கே உட்கார வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்பதை அவன் முடிவு செய்கிறான். ஒரு நாளில் அரைமணி நேரமாவது அப்படி ஓர் இடம் கிடைத்தால் மீதி நேரத்தைத் தாங்க முடியும்.

ஜீப் கவிழ்கிற விளையாட்டு கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் பிள்ளைகள் காப்பகம் நடத்தினார்கள். அங்கே நாலு வயதுப் பையன் ஒருவன், அப்பா குண்டுவீச்சில் செத்துப்போனவன். அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காகிதத்தில் வீடு செய்வான், குண்டு போடுவான், ஆனால் அவன் விளையாட்டில் ஆட்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள், வீடும் மறுபடி எழும்பிவிடும். திரும்பத் திரும்ப இதே. பல மாதம் கழித்து, அப்பா செத்துப்போனதை அவனே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த விளையாட்டு நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் இத்தனை தூரம் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். உண்மை வெளியே வராத வீட்டில் கற்பனை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் உழலும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1976-ல் கலிஃபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்து வைத்த ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். பிள்ளைகளும் ஓட்டுநரும் தாங்களே வழி செய்து வெளியே வந்துவிட்டார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளைகளை லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் வருஷக்கணக்கில் பார்த்தார். சிலர் கடத்தல் விளையாட்டை அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல், சந்தோஷமும் இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடினார்கள். அதனால் பயம் குறையவில்லை. ஆகவே விளையாட்டு நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். தீப்பெட்டி கவிழ்ந்த பிறகு ஆம்புலன்ஸ் வருகிறதா, யாராவது தூக்குகிறார்களா, ஒரு நாள் மழை, ஒரு நாள் டிரைவர் மாறுகிறாரா? அப்படியென்றால் மனசு வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். முகம் இறுகி, ஒரே சத்தத்தோடு, ஒரே மாதிரி கவிழ்த்து, முடித்ததும் இன்னும் பதறுகிறான் என்றால் பக்கத்தில் போய் உட்காருங்கள். தீப்பெட்டியைப் பிடுங்காதீர்கள், பாடம் நடத்தாதீர்கள். "கவுந்துருச்சே, இப்ப யாரு வந்து தூக்குவா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் அவனுடையதாக இருக்கட்டும். "யாரும் வரல" என்று சொன்னால், "யாரும் வரலியா, பயமா இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லி இருங்கள். அம்மா பிழைத்த மாதிரி முடிவை நீங்கள் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

கற்பனை என்றாலே நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வயதில் கற்பனையின் மிக மோசமான வேலை, குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வது. அன்றைக்குக் காலையில் அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கலாம். அதனால் அம்மா தாமதமாகிக் கடைசி ஜீப்பில் ஏறியதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். "போ, வராதே" என்று கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைத்தாலே நடந்துவிடும் என்று நம்புகிற வயது அது. இதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான், சொன்னால் எல்லாரும் தன்னைத் திட்டுவார்கள் என்ற பயம். அவன் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: "ஜீப்பு கவுந்ததுக்கு நீ காரணம் இல்ல. நீ கோபமா பேசுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அளவுக்கு மேல ஆள ஏத்துனாங்க, வளைவுல வண்டி நிக்கல." உங்களுடைய விபத்தில் என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். நிஜமான காரணம் தெரிந்தால் பொய்யான காரணத்துக்கு இடம் இருக்காது.

கோடாங்கி விஷயத்திலும் இதுதான் சிக்கல். மாமியாரோடு சண்டை போட வேண்டாம். கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசினால், கையில் கயிறு கட்டினால் ஒரு கெடுதலும் இல்லை, பாட்டி கை தலையில் படுவதே நல்லதுதான். உடுக்கையை அடித்து "யாரு வந்திருக்கா சொல்லு" என்று பையனைக் கேட்பதும் வேப்பிலையால் அடிப்பதும் வேறு. அவன் அம்மாவை அவன் மனதில் பேயாக்கிவிடுவார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு பற்றி இப்போது. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் கூட வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பலர் கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், நம் தோட்டங்களுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். வறுமை, குடி, சண்டை, நோய் என்று பல கஷ்டம் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் கூட ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமான ஒன்று, விட்டுப் போகாத ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, சித்தி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள்.

ஆனால் அன்பு என்ற பேரில் நம் ஆட்கள் செய்யும் இரண்டு காரியம் எனக்குப் பிடிக்காது. ஒன்று, பையன் காதுபட "பாவம், தாயில்லாப் பிள்ளை" என்று எல்லாரிடமும் சொல்வது. கடைக்குப் போனால் மிட்டாய், சேட்டை செய்தால் மன்னிப்பு. கொஞ்ச நாளில் அவன் பெயரே அதுவாகிவிடும். வீட்டில் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அவனுக்கும் இருக்கட்டும், சோறு அதே நேரத்துக்கு, தூக்கம் அதே இடத்தில். நாளை என்ன நடக்கும் என்று தெரிவதைவிடப் பெரிய ஆறுதல் அவனுக்கு இப்போது கிடையாது. இன்னொன்று, "இனி நீதான் தங்கச்சிக்கு எல்லாம், ஆம்பளப் புள்ள, அழக்கூடாது" என்பது. ஏழு வயதுத் தோளில் ஒரு குடும்பத்தை ஏற்றுகிறார்கள். சாவு வீட்டில் ஒவ்வொருவரும் வந்து தலையைத் தடவி இதையே சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை யாராவது ஆரம்பித்தால் நடுவில் புகுந்து, "அவன் சின்னப் பையன், நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள், அவனுக்குக் கேட்கிற மாதிரி.

அதற்காக அவனை ஒன்றும் செய்ய விடாமல் உட்கார வைக்கச் சொல்லவில்லை. அன்பை வாங்கிக்கொண்டே இருப்பது பிள்ளைக்குச் சலித்துவிடும், கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும். கோழிக்குஞ்சுக்குத் தீனி, பாப்பாவுக்குச் சாயங்காலம் ஒரு கதை, வாசலில் ஒரு செடி. அவனால் முடிந்த அளவு, தவறினால் யாரும் திட்டாத அளவு. எனக்குத் தெரிந்தவரை, துக்கத்தில் இருக்கும் பையன்கள் பேச்சை விடக் கைவேலையோடுதான் சீக்கிரம் தெளிகிறார்கள். பெரிய ஆட்களும்தான். உங்கள் அக்கா வீட்டுக்காரரைப் பேச வைக்க முயற்சி செய்து களைத்திருப்பீர்கள். விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் சேர்ந்து கோழிக்கூடு அடிக்கட்டும், ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலை பையனுக்கு. அதுவே பேச்சு.

கதை சொல்லி ஆறுவது பெரியவர்களுக்கும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து வேர்கள் உள்ளவர்கள். எழுபது பேர் போனார்கள், நாலு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் மட்டும் பிழைத்த பிள்ளைகளும் உண்டு. அந்த நாட்களில் குவி என்ற நாயைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள். தான் கூட விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையை அது நாள் கணக்கில் தேடி ஆற்றில் கண்டுபிடித்தது. போலீஸ் நாய்ப் பிரிவு அதை எடுத்து வளர்த்தது, பிறகு அந்தக் குடும்பத்துப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அது எவ்வளவு சோகமான கதை! ஆனாலும் ஜனங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆறினார்கள், யாரோ ஒருத்தர் விடாமல் தேடினார் என்பது அதில் இருந்ததால்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் போனதும் நினைவிருக்கும். அங்கே வெள்ளார்மலை அரசுப் பள்ளியின் டிஜிட்டல் இதழில் நிலச்சரிவுக்கு முன்பே ஒரு மாணவி எழுதிய கதை வந்திருந்தது. அருவி பார்க்கப் போன பிள்ளைகளிடம் ஒரு பறவை வந்து, ஆபத்து வருகிறது, ஓடிப் போங்கள் என்று சொல்கிற கதை. பிறகு பத்திரிகைகள் அதைத் தீர்க்கதரிசனம் என்று எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைக்குக் கீழே குடியிருக்கிற பிள்ளைக்கு மழைக்காலத்து ராத்திரியில் என்ன பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் பேச மறுத்த பயத்தை அந்தப் பெண் பறவை வாயில் வைத்தாள், அவ்வளவுதான். அதுதான் கற்பனையின் அன்றாட வேலை. அந்தப் பள்ளியின் மாணவிகள் 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் கேரளப் பள்ளிக் கலைவிழாவின் தொடக்க மேடையில் தங்கள் ஊருக்கு நடந்ததை நடனமாக ஆடினார்கள். அதற்குள் அவர்களுக்கு மேப்பாடியில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, அதே டீச்சர்கள், அதே தோழிகள். ஆடினது மட்டும் அல்ல, கூட யார் நின்றார்கள் என்பதையும் பாருங்கள்.

உங்கள் பையனுக்கு அந்தப் பழைய டீச்சரும் தோழர்களும்தான் இல்லை. கம்பத்தில் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்தவன் குமுளியில் மலையாளம் பேசும் வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அம்மாவோடு சேர்த்து அம்மாவின் பேச்சும் பகல் முழுக்கக் காணாமல் போயிருக்கிறது. முடிந்தால் பக்கத்தில் தமிழ்வழி வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வேலை: டீச்சரை நேரில் பார்த்து, அம்மா இறந்ததையும், பையனுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்லிவிடுங்கள். பொய் என்று அவர் கண்டித்தது தெரியாமல்தான். வகுப்பில் படம் வரைய ஒரு நோட்டும் கலரும் கொடுக்கச் சொல்லுங்கள், வரைவதற்கு மொழி வேண்டாம். ராத்திரி தூங்கும்முன் தமிழில் ஒரு கதை உங்கள் பொறுப்பு. அக்கா சொன்ன கதைகள் ஏதாவது உங்களுக்கு நினைவிருக்கும், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் அல்லவா. இல்லாவிட்டால் அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த சேட்டைகளைச் சொல்லுங்கள். அதைவிட அவன் விரும்பிக் கேட்கிற கதை எதுவும் இருக்காது.

கற்பனையும் அன்பும் இருந்தால் எதையும் தாண்டிவிடலாம் என்று சொல்லி முடித்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. போலந்தில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் அனாதை விடுதி நடத்திய யானுஷ் கோர்ச்சாக், 1942 ஜூலை 18 அன்று தன் பிள்ளைகளை வைத்து தாகூரின் 'டாக் கர்' நாடகத்தை மேடையேற்றினார். ஜன்னலருகே படுத்தபடி ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் நோயாளிப் பையனின் கதை. மூன்று வாரத்துக்குள் அந்தப் பிள்ளைகள் எல்லாரையும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலில் ஏற்றினார்கள். அவரும் விட்டுப் பிரியாமல் கூடவே போனார். நாடகம் யார் உயிரையும் காப்பாற்றவில்லை. பிள்ளைகளை அந்த ரயிலில் ஏற்றாமல் இருந்திருக்க வேண்டியது உலகம்.

ஆகவே சோற்றுக் கணக்கையும் பாருங்கள். விபத்து இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட்டாயிற்றா? ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் இருக்கிறது, நாலு மாதம் போய்விட்டது. உடனே ஒரு வக்கீலையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ பாருங்கள், ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசம். கேரள அரசின் 'சிநேகபூர்வம்' திட்டத்தில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு மாத உதவி உண்டு, பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தொகை சின்னதுதான். தமிழ்நாட்டில் 2025-ல் வந்த 'அன்புக்கரங்கள்' திட்டம் மாதம் 2,000 ரூபாய், ஆனால் அது இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத சில நிலைமைகளுக்கும்தான். எல்லையில் இருக்கிறவர்களின் தலைவலி உங்களுக்குத் தெரியும்: ரேஷன் கார்டு கம்பத்தில், பிள்ளை குமுளியில். எந்தப் பக்கம் என்று முடிவு செய்து ஒரே பக்கமாக அலையுங்கள்.

டாக்டரிடம் எப்போது போவது? உண்மையைச் சொன்ன பிறகும் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் மெலிந்தால், விட்டுவிட்ட படுக்கை நனைப்பு மறுபடி வந்து நிற்காவிட்டால், விளையாட்டையே முழுதாக நிறுத்திவிட்டு வெறித்து உட்கார்ந்தால், அல்லது "நானும் அம்மாகிட்ட போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால். கடைசியில் சொன்னதற்கு ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். சும்மா ஏக்கத்தில் சொல்வதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டும். தேனி கா.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகர் உண்டு, கேட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ம் இருக்கிறது. அப்பாவுக்கும் அந்த 14416 தேவைப்படலாம், எண்ணை அவர் போனில் போட்டு வையுங்கள்.

அப்புறம், அக்காவின் செல்போன் யாரிடம் இருக்கிறது? அடகு வைத்தோ அழித்துவிட்டோ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ், எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச மாதத்தில் அது வேறு யாருக்காவது போய்விடும், பையன் ஒருநாள் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்ப்பான். இரண்டு வயதுப் பாப்பாவுக்கு அம்மா முகம் நினைவிருக்கப் போவதில்லை. பின்னால் அவள் கேட்கும்போது அந்த வாய்ஸ் வேண்டியிருக்கும். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.